சேர்த்துக்கொள்ளும் பள்ளியும் கற்றுத்தரும் பள்ளியும்

கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பள்ளி தேடிச் செல்லும் பெற்றோர், தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்ததும் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "இந்த மாதிரிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வீர்களா?" என்பதாகத்தான் இருக்கிறது. இரண்டு மூன்று இடங்களில் கையை விரித்த பிறகு அந்தக் கேள்வி தானாகவே வாயில் வந்துவிடும். "தாராளமாகச் சேர்த்துக்கொள்வோம்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்த நிம்மதியில் வேறெதையும் கேட்கத் தோன்றாது. என் மகனுக்காகப் பள்ளி தேடிய காலத்தில் நான் பார்த்த பள்ளிகளையும், அப்போது பழக்கமான மற்றப் பெற்றோர் சொன்னவற்றையும் வைத்துச் சொல்கிறேன்: வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு வாசிப்பைக் கற்றுத்தரத் தெரிந்த ஒருவர் அந்தப் பள்ளியில் இருக்கிறாரா, அவருக்கு அதற்கான நேரத்தைப் பள்ளி ஒதுக்கித் தருகிறதா என்ற இரண்டும் தெரியாதவரை, நமக்குக் கிடைத்திருப்பது வகுப்பில் ஓர் இடம் மட்டுமே.

என் மகனுக்குக் கேள்விஞானம் அதிகம். ஒருமுறை சொன்ன கதையை மறுநாள் பாத்திரங்களின் குரலோடு திருப்பிச் சொல்வான். இயந்திரங்கள் எப்படி இயங்குகின்றன என்பதைப் பற்றி அவன் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நான் தனியாகப் படிக்க வேண்டியிருக்கும். ஆனால் முதல் வரியில் 'மரம்' என்று சரியாக வாசித்த சொல்லை மூன்றாவது வரியில் 'மனம்' என்று வாசிப்பான். எழுதும்போது கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகளில் கால் விடுபட்டுப்போகும். 'தொட்டில்' என்பது 'தெட்டில்' ஆகிவிடும். ஒரு பக்கத்தை வாசித்து முடிப்பதற்குள் அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்பதே மறந்துபோகும் அளவுக்கு அவனுடைய முழுக் கவனமும் எழுத்துகளைக் கூட்டுவதிலேயே செலவாகிவிடும். இதைச் சோம்பேறித்தனம் என்றும், கவனக்குறைவு என்றும், வீட்டில் செல்லம் அதிகம் என்றும் சொன்னவர்கள் உண்டு.

இப்படிப்பட்ட பிள்ளைகள் இன்று புதிதாகத் தோன்றியவர்கள் அல்லர். 1896ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அந்தச் சிறுவன் கெட்டிக்காரன், விளையாட்டிலும் சளைத்தவன் அல்லன், பெரிய எண்களைக்கூடத் தயக்கமின்றி வாசித்தான். ஆனால் சொற்களை வாசிக்க முடியவில்லை, தன் பெயரை எழுதும்போதே எழுத்துகள் இடம் மாறின. பல ஆண்டுகள் அவனுக்குப் பாடம் நடத்திய ஆசிரியர், கல்வி முழுவதும் வாய்மொழியாகவே நடந்திருந்தால் பள்ளியிலேயே அவன்தான் முதல் மாணவனாக இருந்திருப்பான் என்று சொன்னதாக அந்தக் கட்டுரை பதிவு செய்கிறது. நூறாண்டுக்கு மேல் கடந்த பிறகும் இந்த ஒரு வாக்கியத்தைப் படிக்கும்போது என் மகனைப் பற்றி யாரோ எழுதியது போலவே இருக்கிறது. 'கற்றல் குறைபாடு' என்ற பெயர் பரவலான வழக்குக்கு வந்தது மிகவும் பிற்பாடு, 1963ஆம் ஆண்டில். சிகாகோவில் பெற்றோர்கள் கூட்டிய மாநாடு ஒன்றில் உளவியலாளர் சாமுவேல் கிர்க் அதை முன்வைத்தார். அந்தப் பெயர் நிலைபெற்றதற்குப் பெற்றோர் ஒன்றுகூடியது ஒரு காரணம் என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

பள்ளி தேடக் கிளம்புவதற்கு முன்னால் முறையான மதிப்பீடு ஒன்று கையில் இருப்பது நல்லது. அதற்கும் முன்னால் கண் பார்வையையும் காதின் கேட்கும் திறனையும் சோதித்துவிட வேண்டும்; பிள்ளைக்கு ஆசிரியர் சொல்வது காதில் விழவில்லை என்றால் அதற்கான தீர்வு வேறு. மதிப்பீட்டு அறிக்கையில் பெற்றோரின் கண்கள் முதலில் தேடுவது ஐ.கியூ. எண்ணைத்தான். ஆனால் பள்ளிக்குப் பயன்படுவது அந்த எண் அன்று. பிள்ளை ஒரு சொல்லை ஒலிகளாகப் பிரித்துக் கேட்கிறானா, பழக்கமான சொற்களை வாசிக்கும் அளவுக்கு அர்த்தமில்லாத புதிய எழுத்துச் சேர்க்கைகளையும் வாசிக்க முடிகிறதா, ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களைச் சரியாக வாசிக்கிறான், எழுத்துப்பிழைகள் எந்த வகையைச் சேர்ந்தவை, கேட்டதை மனத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு வேலை செய்வது எப்படி இருக்கிறது, எண்களின் அளவை உணர்கிறானா என்ற விவரங்கள்தான் நாளை பாடம் நடத்தப்போகும் ஆசிரியருக்குத் தேவை. முன்பெல்லாம் ஐ.கியூ. அளவுக்கும் வாசிப்புத் திறனுக்கும் இடையே பெரிய இடைவெளி விழுந்தால்தான் கற்றல் குறைபாடு என்று ஏற்றுக்கொள்வார்கள். அந்த இடைவெளி விழும்வரை, அதாவது பிள்ளை போதுமான அளவு தோற்கும்வரை, உதவி கிடைக்காது. அமெரிக்கா தன் சிறப்புக் கல்விச் சட்டத்தின் 2004ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தக் கட்டாயத்தை விலக்கிக்கொண்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வரையறையும் அதைக் கைவிட்டு, குறிவைத்த உதவி கொடுத்த பிறகும் குறைந்தது 6 மாதங்களுக்குச் சிக்கல் நீடிக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. இன்றும் "மூன்றாம் வகுப்பு வரை காத்திருங்கள், தானாகச் சரியாகிவிடும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கற்றுக்கொடுப்பதற்கு யாருடைய சான்றிதழும் தேவையில்லை என்பதால், காத்திருக்கும் காலத்திலும் உதவியைத் தொடங்கிவிடலாம் என்பதே என் கருத்து.

இந்தக் கட்டத்தில் பலவிதமான சிகிச்சைகளையும் பெற்றோரிடம் விற்க வருவார்கள். வண்ணக் கண்ணாடிகள், கண் தசைப் பயிற்சிகள் போன்றவை வாசிப்புக் குறைபாட்டைச் சரிசெய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் அகாதெமியும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009ஆம் ஆண்டில் கூட்டாக அறிவித்தன. டிஸ்லெக்சியா எனப்படும் இந்த வாசிப்புக் குறைபாட்டின் மையம் பார்வையில் இல்லை, மொழியின் ஒலிகளை எழுத்தோடு இணைக்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு பள்ளி தன் சிறப்புப் பிரிவின் பெருமையாக இப்படிப்பட்ட பயிற்சிகளை முன்னிறுத்தினால், நான் அங்கிருந்து மரியாதையாக எழுந்து வந்துவிடுவேன்.

அடுத்து வருவது, சிறப்புப் பள்ளியா, எல்லாப் பிள்ளைகளும் படிக்கும் பொதுப் பள்ளியா என்ற கேள்வி. 1994ஆம் ஆண்டில் ஸ்பெயினின் சலமாங்கா நகரில் 92 நாடுகளின் அரசுகள் கூடி வெளியிட்ட அறிக்கை, இயன்றவரை எல்லாக் குழந்தைகளையும் பொதுப் பள்ளியிலேயே சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்றது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக ஐ.நா. 2006ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, உள்ளடக்கிய கல்வியை ஓர் உரிமையாகவே வைத்தது. இந்தக் கொள்கையில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆயினும் ஒரு தனிப் பிள்ளைக்காக முடிவு எடுக்கும்போது, பள்ளி வாசலில் உள்ள பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு எடுக்க முடியாது. பேச்சிலும் சிந்தனையிலும் வகுப்போடு ஓடக்கூடிய பிள்ளை, வாசிப்பில் மட்டும் பின்தங்கியிருந்தால், தினமும் ஒரு பீரியட் தனியாகக் கற்றுத்தரும் சிறப்பாசிரியர் உள்ள பொதுப் பள்ளி பெரும்பாலும் போதும். பத்து வயதாகியும் எழுத்துக் கூட்ட முடியாமல், பள்ளி என்றாலே வயிற்றுவலி வரும் நிலைக்குப் போய்விட்ட பிள்ளைக்கு, கற்றல் குறைபாட்டுக்கென்றே நடத்தப்படும் சிறிய பள்ளியில் ஓரிரு ஆண்டுகள் தீவிரமாகக் கற்றுத்தந்து, பிறகு பொதுப் பள்ளிக்குத் திரும்ப அனுப்புவது நல்ல பலன் தருவதை என் நண்பர்களின் குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். திரும்பிச் செல்வதற்கான வழி அந்தப் பள்ளியில் உண்மையில் இருக்கிறதா என்பதைச் சேரும்போதே கேட்டுவிட வேண்டும். சென்ற ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் திரும்பிச் சென்றார்கள், இப்போது எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரிய வேண்டும். 'சிறப்புப் பள்ளி' என்ற ஒரே பெயருக்குள் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு என்று வெவ்வேறு தேவைகள் உள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டத்தை நடத்தும் இடங்களும் உண்டு. அது அந்தப் பிள்ளைகளில் எவருக்குமே நியாயம் செய்வதில்லை.

பள்ளிகளுக்கு நேரில் செல்லும்போது நான் கேட்கப் பழகிக்கொண்ட கேள்வி ஒன்று உண்டு. "திங்கட்கிழமை மூன்றாவது பீரியடில் சமூக அறிவியல் பாடத்தை எல்லோரும் வாசிக்கிறார்கள், என் மகனால் வாசிக்க முடியவில்லை. அந்த நேரத்தில் வகுப்பில் என்ன நடக்கும்?" என்று கேட்பேன். "அன்பாகப் பார்த்துக்கொள்வோம்", "நாங்கள் எந்தப் பிள்ளையையும் அடிப்பதில்லை", "பக்கத்தில் நன்றாகப் படிக்கும் பிள்ளையை உட்கார வைப்போம்" என்ற பதில்கள்தான் அடிக்கடி வந்தன. அவற்றைச் சொன்னவர்கள் நல்லவர்கள். அவர்களின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரே ஒரு பள்ளியில் சிறப்பாசிரியை வேறுவிதமாகச் சொன்னார். "அந்தப் பாடத்தை அவனுக்கு யார் வாசித்துக் காட்டுவது என்பதை முந்தின வெள்ளிக்கிழமையே வகுப்பாசிரியையும் நானும் பேசி முடித்திருப்போம். ஒலிப்பதிவாகவும் கொடுத்துவிடுவோம், திங்கட்கிழமை வரும்போது அவனுக்குப் பாடம் தெரிந்திருக்கும். அந்தப் பீரியடில் அவன் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், அதுதான் அவன் வேலை. எழுத்துக் கூட்டக் கற்றுத்தருவது என் பீரியடில்" என்றார்.

சொன்னதோடு நிற்காமல் அலமாரியைத் திறந்து, பெயர் எழுதிய அட்டையைக் கையால் மறைத்தபடி ஒரு நோட்டைக் காட்டினார். அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சொல்வதை எழுதும் பயிற்சியில் பிழையான சொல் எதன் மீதும் பெரிய சிவப்புக் கோடு இல்லை. 'வீட்டுக்கு' என்பதை 'விட்டுக்கு' என்று எழுதியிருந்த இடத்தில் அந்த 'வி' மீது மட்டும் பென்சிலால் ஒரு சிறு வட்டம் இருந்தது, கீழே அந்தப் பிள்ளையே 'வீ' என்று மூன்று முறை எழுதி, நெடில் வரும் வேறு மூன்று சொற்களையும் எழுதியிருந்தான். அடுத்த பக்கம் முழுவதும் குறில், நெடில் வேறுபாட்டுக்கான பயிற்சி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கும் எதிரே ஒரு நிமிடத்தில் சரியாக வாசித்த சொற்களின் எண்ணிக்கை குறிக்கப்பட்டிருந்தது. அந்த எண்கள் மெல்ல ஏறி, நடுவில் சில வாரங்கள் அசையாமல் நின்று, பிறகு மீண்டும் ஏறியிருந்தன. அசையாமல் நின்ற வாரங்களுக்கு அருகில், வாசிப்புப் பகுதியை எளிதாக்கியதாகவும் பயிற்சி நேரத்தைக் கூட்டியதாகவும் ஆசிரியையின் கையெழுத்தில் குறிப்பு இருந்தது. பிழையை ஒரு தகவலாக எடுத்துக்கொண்டு, அதிலிருந்து அடுத்த நாள் பாடத்தைத் தீர்மானிக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றைப் பள்ளியின் எந்த விளம்பரக் கையேடும் தந்துவிட முடியாது. அதன் பிறகு எந்தப் பள்ளிக்குப் போனாலும், பெயரை மறைத்து ஒரு பிள்ளையின் நோட்டைக் காட்ட முடியுமா என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அந்தரங்கம் கருதி மறுப்பவர்களிடம், பாடத் திட்டத்தையும் முன்னேற்றத்தைக் குறித்துவைக்கும் தாளின் மாதிரியையும் கேட்கலாம். அப்படி எதுவுமே இல்லாத இடத்தில், பிள்ளை கற்றுக்கொள்கிறானா இல்லையா என்பதை அறிவதற்கான வழியும் இல்லை என்றே பொருள்.

கற்பிக்கும் முறையைப் பற்றியும் கேட்டாக வேண்டும். 1930களில் நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை ஆன்னா கில்லிங்காமும் உருவாக்கிய வழிமுறை, எழுத்தையும் ஒலியையும் ஒவ்வொன்றாக, எளியதிலிருந்து கடினமானதற்கு, கண்ணாலும் காதாலும் கையாலும் உணரச்செய்து, கற்றதைத் திரும்பத் திரும்ப மீள்பார்வை செய்வித்துக் கற்றுத்தரச் சொன்னது. அதன் வழிவந்த பயிற்சிகள் இன்று பல பெயர்களில் இருக்கின்றன. பெயரைவிட, வரிசைப்படி வெளிப்படையாகக் கற்பிக்கிறார்களா என்பதே முக்கியம். ஒலி-எழுத்து இணைப்பை ஒழுங்கான வரிசையில் நேரடியாகக் கற்பிப்பதே கூடுதல் பலன் தருகிறது என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழுவும் 2000ஆம் ஆண்டு அறிக்கையில் சொன்னது. படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கச் சொல்வதும், பக்கத்தை மனப்பாடம் செய்யவைத்து வாசிப்பதாகக் காட்டுவதும் வாசிப்புக் கற்பித்தல் ஆகாது.

மொழியும் இதில் சேர்ந்துகொள்கிறது. இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கில மொழிகளில் டிஸ்லெக்சியா உள்ளவர்களை ஒப்பிட்டு 2001ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில், மூன்று குழுவினருக்கும் மூளையில் தெரிந்த வேறுபாடு ஒன்றாகவே இருந்தும், எழுத்துக்கும் ஒலிக்கும் நெருக்கம் அதிகமுள்ள இத்தாலிய மொழியில் வாசித்தவர்கள் மற்றவர்களைவிடச் சிறப்பாக வாசித்தார்கள். எழுத்துமுறை ஒழுங்காக உள்ள மொழிகளில் குறைபாடு பிழையாக வெளிப்படுவதைவிட வேகக் குறைவாகவே அதிகம் வெளிப்படுகிறது. தமிழில் எழுத்துகள் 247 என்று கேட்டு மலைக்கத் தேவையில்லை. உயிரும் மெய்யும் சேரும் ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் பெரும்பகுதி வசமாகிவிடும். அதே நேரம் ல, ள, ழ என்பவற்றுக்கும் ந, ன, ண என்பவற்றுக்கும் உள்ள வேறுபாடு இந்தப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் விடாமல் துரத்தும். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று மொழிகளின் எழுத்துகளைத் தொடங்கிவைக்கும் பள்ளியில், ஒரு மொழியின் வாசிப்பு காலூன்றும்வரை மற்ற மொழிகளைப் பேச்சளவில் வைத்துக்கொள்ள அனுமதிப்பார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். பிள்ளை வீட்டில் பேசும் மொழி எது என்பதைக் கருதாமல் இந்த முடிவை எடுக்கக் கூடாது.

கால அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சிறப்பாசிரியரிடம் பிள்ளையை அனுப்பும் நேரத்தைப் பல பள்ளிகள் விளையாட்டு, ஓவியம், இசை வகுப்புகளிலிருந்தே எடுக்கின்றன, ஏனென்றால் அவை 'முக்கியப் பாடங்கள்' அல்ல. நாள் முழுவதும் தன்னால் முடியாததையே செய்துகொண்டிருக்கும் ஒரு பிள்ளைக்கு, தன்னால் முடியும் என்று தெரிவது அந்த ஒரு பீரியடில்தான். அதையும் பறித்துக்கொண்டு வாசிப்புச் சொல்லிக்கொடுத்தால், வாசிப்பே அவனுக்குத் தண்டனையாகிவிடும். இந்த ஒரு விஷயத்தில் நான் எந்தப் பள்ளியிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. மொழிப்பாடத்தின் நேரத்திலேயே தனி வகுப்பை வைக்க முடியும் என்பதைச் செய்துகாட்டிய பள்ளிகள் இருக்கும்போது, இது இடமில்லாத பிரச்சினை அன்று, மனத்தில் எது முக்கியம் என்ற பிரச்சினைதான்.

சேர்ந்த பிறகு எழுதப்படும் தனிநபர் கல்வித் திட்டத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். 'வாசிப்பில் முன்னேற்றம் காண்பான்' என்று எழுதினால் அது இலக்கு ஆகாது. எந்த அளவிலான வாசிப்புப் பகுதியை, நிமிடத்துக்கு எத்தனை சொற்கள் என்ற வேகத்தில், எந்த மாதத்துக்குள், யார் கற்றுத்தந்து, யார் அளந்து பார்ப்பது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இன்னொன்றும் மிக முக்கியம். தேர்வில் கூடுதல் நேரம், கேள்வித்தாளை வாசித்துக் காட்டுவது, கணினியில் தட்டச்சு செய்ய அனுமதிப்பது ஆகியவை கற்கும் வழியை மாற்றுகின்றன; பாடம் அதேதான். பாடத்தையே குறைப்பது வேறு விஷயம். முதலாவதைக் கேட்டால் இரண்டாவதைக் கொடுத்துவிட்டு "உங்கள் பிள்ளைக்காக எளிதாக்கிவிட்டோம்" என்று சொல்லும் பள்ளிகள் உண்டு. கருத்துகளைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் உள்ள பிள்ளைக்குப் பாடத்தைக் குறைத்துக்கொண்டே போனால், உயர்வகுப்புகளில் அவன் விரும்பும் பாடப்பிரிவுக்கான அடித்தளமே இல்லாமல் போய்விடும். சில பிள்ளைகளுக்குப் பாடக் குறைப்பும் தேவைப்படலாம், ஆனால் அதன் விளைவு என்ன என்பதைத் தெளிவாக எடுத்துச் சொல்லி, பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் பெற்ற பிறகே செய்ய வேண்டும்.

வகுப்பில் பிள்ளையின் அருகிலேயே இருந்து உதவும் ஷேடோ டீச்சர் ஒருவரைப் பெற்றோரே வைத்துக்கொண்டால்தான் சேர்ப்போம் என்று நிபந்தனை போடும் பள்ளிகளைப் பற்றி ஒரு சொல். சில பிள்ளைகளுக்கு அப்படி ஒருவர் உண்மையிலேயே தேவை. ஆனால் வாசிப்புக் குறைபாடு மட்டுமே உள்ள பிள்ளையின் அருகில் ஒருவர் நாள் முழுவதும் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தால், வகுப்பாசிரியர் அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பிப் பார்க்கும் அவசியமே இல்லாமல் போகிறது. அதே வகுப்பில் மறுபடியும் ஓர் ஆண்டு உட்கார வைப்பதும் இப்படித்தான். கற்பிக்கும் முறை மாறாமல் வகுப்பை மட்டும் திரும்பச் செய்தால், சென்ற ஆண்டு பயனளிக்காத அதே பாடம் இந்த ஆண்டும் பயனளிக்காது, கூடவே நண்பர்களும் போய்விடுவார்கள்.

டிஸ்கிராஃபியா என்ற எழுதுவதில் உள்ள குறைபாடோ, டிஸ்கால்குலியா என்ற கணக்கில் உள்ள குறைபாடோ உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இவற்றோடு வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். கையெழுத்து வலியாகிவிட்ட பிள்ளைக்குக் கரும்பலகையைப் பார்த்து எழுதும் வேலையிலிருந்து விடுதலை வேண்டும். அச்சிட்ட குறிப்புகள் கொடுத்து, தட்டச்சை முறையாகக் கற்றுத்தர வேண்டும். எண் உணர்வு குறைந்த பிள்ளைக்கு வாய்ப்பாட்டை நூறு முறை எழுதச் சொல்வதால் எதுவும் நடக்காது; மணிகளும் கட்டைகளும் எண்கோடும் வகுப்பில் எந்த வயது வரை மேசைமேல் இருக்கின்றன என்று பார்த்தாலே அந்தப் பள்ளியைப் பற்றித் தெரிந்துவிடும். கவனக்குறைவு மிகைச்செயல்பாடு (ஏ.டி.எச்.டி.) என்ற சிக்கலும் கற்றல் குறைபாட்டோடு அடிக்கடி சேர்ந்தே வருவதால், ஒன்றுக்கு மட்டும் உதவி செய்துவிட்டு மற்றதைப் பிள்ளையின் குணம் என்று விட்டுவிடாத பள்ளியாக இருக்க வேண்டும்.

பிள்ளையைக் கேட்காமல் பள்ளியை முடிவு செய்யாதீர்கள் என்றும் சொல்வேன். ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டால் பல பள்ளிகள் இசைகின்றன. என் மகன் அப்படி ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வந்து, "அங்கே சத்தமாக வாசிக்கச் சொல்வதற்கு முன்னால் வாசிக்கிறாயா என்று கேட்கிறார்கள் அம்மா" என்றான். நான் குறித்து வைத்திருந்த கேள்விப் பட்டியலில் அது இல்லை. வகுப்பின் முன்னால் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லும் அந்த ஒரு நிமிடத்தை எண்ணித்தான் அவன் அத்தனை ஆண்டுகளும் இரவில் தூங்காமல் புரண்டிருக்கிறான் என்பது அதன் பிறகு அவன் சொல்லச் சொல்லத் தெரிந்தது. தன் சிக்கலுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அது முட்டாள்தனம் அன்று, உழைப்புக் குறைவும் அன்று என்று பிள்ளைக்கு அவன் வயதுக்கு ஏற்ற சொற்களில் சொல்லிவிடுவதும் அவசியம். பெரும்பாலான பிள்ளைகள் அதற்குள் தங்களைப் பற்றி அதைவிட மோசமான முடிவுக்கு வந்திருப்பார்கள்.

இவ்வளவும் ஒருங்கே அமைந்த பள்ளி எல்லோருக்கும் எட்டும் தூரத்தில் கிடைத்துவிடாது. பெரும்பாலான குடும்பங்களுக்குக் கிடைப்பதில்லை என்பதே உண்மை. அப்போது செய்யக்கூடியது, மனம் திறந்து கேட்கும் தலைமையாசிரியர் உள்ள ஒரு சாதாரணப் பள்ளியைத் தேர்ந்துகொண்டு, வாசிப்புப் பயிற்சியை வெளியே ஒரு சிறப்பாசிரியரிடம் ஏற்பாடு செய்து, இருவரையும் மாதம் ஒருமுறையாவது பேச வைப்பது. பயிற்சிக்காகப் பள்ளி வேலையில் எதைக் குறைப்பது என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பிள்ளைக்கு இரண்டு பள்ளிக்கூடங்களின் சுமை விழுந்துவிடும். வாசிப்பு தேறும்வரை அறிவு பட்டினி கிடக்கத் தேவையில்லை. ஒலிநூல்களும், எழுத்தை வாசித்துக் காட்டும் செயலிகளும் இன்று கைபேசியிலேயே இருக்கின்றன. 2013ஆம் ஆண்டின் மராகேஷ் ஒப்பந்தம், பார்வைக் குறைபாடு உள்ளவர்களோடு வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களையும் சேர்த்தே, காப்புரிமை உள்ள நூல்களை அவர்களுக்கு ஏற்ற வடிவத்தில் தயாரிக்க வழிசெய்திருக்கிறது. அதில் இணைந்த நாடுகளில் இத்தகைய நூல்களைத் தரும் நூலகங்களில் உங்கள் பிள்ளையையும் உறுப்பினராக்க முடியுமா என்று விசாரிக்கலாம்.

பொதுத்தேர்வுச் சலுகைகளுக்கான வேலையைத் தேர்வு ஆண்டில் தொடங்கினால் காலம் கடந்துவிடும். விண்ணப்பத்துக்கான கடைசி நாள், எந்த நிபுணரின் அறிக்கை செல்லும், அது எத்தனை ஆண்டுகளுக்குள் எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பவை தேர்வு வாரியத்துக்கு வாரியம் மாறுபடுவதால், குறைந்தது இரண்டு வகுப்புகள் முன்னதாகவே எழுத்துமூலம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சலுகைகளைப் பிள்ளை ஏற்கனவே பள்ளித் தேர்வுகளில் பயன்படுத்தி வந்ததற்கான பதிவையும் சில வாரியங்கள் கேட்கும், அதனால் சிறு தேர்வுகளில் கொடுத்த கூடுதல் நேரத்தையும் விடைத்தாளின் மேலேயே குறித்து வைக்கும்படி ஆசிரியர்களிடம் சொல்லிவையுங்கள். தான் சொல்லச் சொல்ல மற்றவர் எழுதும் முறை ஒரு தனித் திறமை; எங்கே நிறுத்திச் சொல்வது, எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொல்லி எப்படித் திருத்துவது, கணக்கின் படிகளை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்பவற்றையெல்லாம் பழக ஓர் ஆண்டாவது ஆகும். மதிப்பீட்டு அறிக்கைகள், கல்வித் திட்டங்கள், ஆசிரியர்களின் குறிப்புகள், ஆண்டுக்கு ஒன்றாகப் பிள்ளையின் எழுத்து மாதிரி ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்துக்கொண்டால், பள்ளி மாறும்போதும் புதிய ஆசிரியர் வரும்போதும் பயிற்சியை விட்ட இடத்திலிருந்து தொடர முடியும்.